பொலிஸ் செடானைப் பங்களாக் காராக மாற்றுவது எப்படி: மலைநாட்டுக்கான செய்முறை

பங்களாக் கார் என்றால் பங்களாவில் இருப்பவரைப் பின்சீட்டில் ஏற்றிப்போகும் சொகுசுக் கார். கடமை முடிந்து ஏலத்துக்கு வரும் பெரிய பொலிஸ் செடானில் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே வரும். தடித்த ஸ்டெபிலைசர் பார், பெரிய பிரேக், அதிக அம்பியர் தரும் ஒல்டனேட்டர் எல்லாம் நல்ல பக்கம். லைட் பார் மாட்டிய கூரை ஓட்டைகள், டேஷ்போர்டுக்குள் யார் யாரோ இழுத்துவிட்ட வயர்கள், கல் மாதிரி இறுகிய ஸ்பிரிங், உள்ளேயிருந்து திறக்காத பின்கதவு எல்லாம் கெட்ட பக்கம். பலர் முதல் நாளே காரைக் குஷன் கடைக்குக் கொண்டுபோய்த் தோல் சீட் தைத்துவிடுகிறார்கள். பிறகு ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை பின்சீட்டில் உட்கார்ந்து வருபவர் தலைவலியோடு இறங்குகிறார். மலைநாட்டில் சொகுசு என்பது சத்தம் அடங்குவதும், ஈரம் உள்ளே வராததும், வளைவில் வயிற்றைப் பிரட்டாததும்தான். சீட் வேலை கடைசி.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இன்றைய வரியில் புதிய பெரிய கார் எல்லோருக்கும் எட்டாது. பழைய பெரிய செடானை ஒழுங்காகச் செய்தெடுப்பது அதனால் பெறுமதியான வேலைதான், செய்கிற வரிசை சரியாக இருந்தால்.

இங்கே சொல்வது டொயோட்டா க்ரவுன், நிசான் செட்ரிக் மாதிரி பின்சக்கரம் இழுக்கும் பெரிய ஜப்பான் செடானை மனதில் வைத்து. வேறு கார் என்றாலும் முறை மாறாது.

வாங்குவதற்கு முன்

மீட்டரை நம்பி விலை பேச வேண்டாம். பொலிஸ் கார் ஓடுவதைவிட நின்ற இடத்தில் எஞ்சின் ஓடவிட்ட நேரமே அதிகம். அமெரிக்காவில் ஃபோர்ட் நிறுவனம் தன் பொலிஸ் கார்களுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தது: ஒரு மணி நேரம் ஐட்லிங் என்றால் 33 மைல், அதாவது சுமார் 53 கிலோமீற்றர் ஓடிய தேய்மானம். நாளுக்கு நான்கு மணி நேரம் நின்றபடி ஓடிய எஞ்சின், மீட்டரில் ஏறாமலே நாளுக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் தேய்ந்திருக்கிறது. ஆகவே டைமிங் பெல்ட், வோட்டர் பம்ப், எஞ்சின் மவுன்ட் மூன்றையும் மீட்டர் என்ன காட்டினாலும் மாற்றுவதாகவே கணக்கில் போடுங்கள்.

காருக்கு அடியில் படுத்து டோர்ச் அடித்துப் பாருங்கள். ஜாக் வைக்கும் இடம், பின் ஆக்சில் கைகள் சேசியில் சேரும் இடம், ஸ்பெயார் வீல் குழி ஆகிய மூன்றிலும் சிறிய சுத்தியலால் தட்டுங்கள். கணீர் என்றால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று கேட்டால் உள்ளே துரு, அல்லது மேலே புட்டி. ஓட்டுநர் சீட்டின் வெளிப்பக்க விளிம்பையும் அழுத்திப் பாருங்கள். இடுப்புப் பட்டியில் கனமான சாமான்களோடு ஏறி இறங்கியே அந்தப் பக்கத்து ஃபோம் நசிந்திருக்கும், சில வேளை அடியிலுள்ள இரும்புச் சட்டமும் வெடித்திருக்கும்.

பதிவுப் புத்தகம், ஏலத்தில் விற்றதற்கான கடிதம், வருமான அனுமதிப்பத்திர நிலுவை ஆகியவற்றைப் பணம் கட்டும் முன்பே பாருங்கள். நிறம் மாற்றப் போகிறீர்கள் என்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். அங்கே என்ன கடதாசி வேண்டும் என்று பெயின்ட் அடிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு, நீல விளக்கு, சைரன், பொலிஸ் அடையாளம் எதுவும் காரில் மிஞ்சக் கூடாது. பழைய பொருள் அழகாக இருக்கிறதே என்று வைத்துக்கொள்வது வீண் வில்லங்கம்.

கழித்த காரைத் தேடுங்கள்

அமெரிக்கப் பொலிஸின் க்ரவுன் விக்டோரியா 2011 வரை உற்பத்தியானது. 4.6 லீற்றர் வி8 எஞ்சின், தனிச் சேசி. அதே சேசியில்தான் மெர்க்குரி கிராண்ட் மார்க்கீயும் லிங்கன் டவுன் காரும் வந்தன. அதனால் அங்கே கழித்த சொகுசுக் காரிலிருந்து சீட், கார்பெட், கதவு அட்டை என்று எடுத்து பொலிஸ் காருக்கு மாட்டுகிறார்கள், பல பொருட்கள் பெரிய வெட்டுக்கொத்து இல்லாமலே உட்காரும். இடப்பக்க ஸ்டியரிங் என்பதால் அந்தக் கார் நம் வீதிக்கு உதவாது. அந்த யோசனை நிச்சயம் உதவும். உங்கள் காரின் அதே உடலில் வந்த உயர்ந்த வகையைக் கண்டுபிடியுங்கள். க்ரவுன் என்றால் ரோயல் சலூன், செட்ரிக் என்றால் அதன் இரட்டைப் பிறவி குளோரியா. கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பொருள் பொருளாகத் தேடுவதைவிட, விபத்தில் முன்பக்கம் போன உயர்வகைக் கார் ஒன்றின் உட்புறத்தை முழுதாக எடுப்பது மலிவு. சீட், கதவு அட்டை, கதவு ரப்பர், ஹெட்லைனிங் (கூரையின் உட்பக்க விரிப்பு), பின் ஸ்பிரிங், ஹீட்டர் சுவிட்ச், கார்பெட்டுக்கு அடியிலுள்ள திணிப்பு என எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ரப்பர் பட்டிகளை மறக்காமல் வாங்குங்கள். தனியாகத் தேடினால் அவைதான் அகப்படாது.

முதல் வேலை வயரிங்

பெட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். எயார் பேக் உள்ள காரில் ஆகக் குறைந்தது மூன்று நிமிடம் பொறுத்திருந்துதான் டேஷ்போர்டுக்குள் கை வைக்க வேண்டும். மஞ்சள் கனெக்டர்களைத் தொடவே வேண்டாம்.

ஓட்டுநர் பக்கத்துக் கீழ் அட்டையைக் கழற்றியதும் தெரியும் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். கம்பெனி வயர்க்கட்டு கறுப்புத் துணி நாடாவில் நேர்த்தியாகப் போகும். அதன் மேல் தடித்த சிவப்பு வயர் ஒன்று, வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய மூட்டுகளோடு, பசை உருகி விரலில் ஒட்டுகிற மாதிரி தொங்கும். ஃபயர்வோலில் (எஞ்சினையும் உள்ளறையையும் பிரிக்கும் தகட்டில்) ஓட்டை போட்டு, ஓட்டை விளிம்புக்கான ரப்பர் குரோமெட் இல்லாமல், தகட்டு விளிம்பில் உரசியபடி நேராகப் பெட்டரிக்குப் போயிருக்கும். வழியில் ஃபியூஸ் இருக்காது. தீப்பிடிக்கிற காரணம் அந்த ஒரு வயராகவே இருக்கக்கூடும்.

வெட்டி எறிவதில் அவசரம் வேண்டாம். ஒவ்வொரு கூடுதல் வயரையும் அது தொடங்கும் இடம் வரை பின்தொடருங்கள். சில வேளை கம்பெனி வயரையே வெட்டி நடுவில் சுவிட்ச் வைத்திருப்பார்கள். உள் விளக்கு எரியாமல் இருக்கவும், பின் கண்ணாடி இறங்காமல் இருக்கவும் அப்படிச் செய்வதுண்டு. அந்த இடங்களில் கூடுதல் வயரை எடுத்தால் மட்டும் போதாது, வெட்டிய முனைகளை ஈயம் வைத்துச் சேர்த்து ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட வேண்டும். ஃபயர்வோல் ஓட்டைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். சிலிக்கன் மட்டும் பூசினால் ஒரு மழைக்காலம் தாங்காது.

வேலை முடிந்ததும் பெட்டரியின் நெகட்டிவுக்கும் கேபிளுக்கும் இடையில் அம்பியர் மீட்டரை வைத்து, கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் விடுங்கள். 50 மில்லி அம்பியருக்குக் கீழே நிற்க வேண்டும். அரை அம்பியர் காட்டினால் 60 அம்பியர்-மணி பெட்டரி ஐந்து நாளில் காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள், எதை இழுக்கும்போது அளவு விழுகிறதோ அந்த வழியில்தான் குற்றம்.

கூரை ஓட்டையும் பெயின்டும்

இந்தப் பகுதியில்தான் அதிகம் ஏமாற்றம் நடக்கிறது. ஓட்டைக்குப் பின்னால் துணி அடைத்து, மேலே புட்டி வைத்து, தேய்த்துப் பெயின்ட் அடித்தால் வண்டி எடுக்கும் அன்று கண்ணாடி மாதிரி இருக்கும். புட்டி ஈரத்தை உறிஞ்சும். லிந்துலை, நானுஓயாப் பக்கத்து மூடுபனி மாதக்கணக்கில் அடிக்கும்போது ஆறு மாதத்தில் அந்த இடம் வட்டமாக உப்பிக்கொண்டு வரும். ஓட்டையை இரும்பால்தான் மூட வேண்டும்.

ஹெட்லைனிங்கை முழுதாக இறக்குங்கள். ஓட்டையைச் சுற்றி இரண்டு பக்கமும் 30 மில்லிமீற்றர் அளவுக்கு வெறும் இரும்பு தெரியத் தேய்க்க வேண்டும். 6 மில்லிமீற்றருக்குட்பட்ட ஓட்டைக்குப் பின்னால் செப்புத் தகடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிக் வெல்டில் நிரப்பலாம், செப்பில் வெல்ட் ஒட்டாது. அதைவிடப் பெரிதென்றால் 0.8 மில்லிமீற்றர் தகட்டில் வட்டம் வெட்டி வைத்துப் புள்ளி புள்ளியாக வெல்ட் பண்ண வேண்டும். கூரைத் தகடு பரந்தது, சூட்டில் நெளிந்துவிடும். எனவே ஒரு புள்ளி வைத்ததும் எதிர்ப்பக்கம் போங்கள். கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகே அடுத்தது. டிங்கர் பாஸ் அவசரப்பட்டு ஒரே இழுப்பில் சுற்றி வெல்ட் வைத்தால் கூரை பாயின் ஓரம் மாதிரி அலை அலையாகும், பிறகு அதை மறைக்கப் புட்டியைத்தான் தடிப்பாக அடிக்க வேண்டி வரும். வெல்டைத் தேய்த்து, உள்ளும் வெளியும் எப்பொக்சி பிரைமர் அடித்து, அதற்கு மேல்தான் புட்டி. எங்கும் 3 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். முன் தூணில் ஸ்பொட் லைட் ஓட்டை இருந்தால் அதே முறை. ஏரியல் ஓட்டையை விட்டுவிட்டு அதே இடத்தில் ரேடியோ ஏரியலைப் பொருத்துவது நல்லது.

ஸ்டிக்கர்களை ஹெயார் டிரையரால் சூடாக்கி, பிளாஸ்டிக் சுரண்டியால் தட்டையாகப் பிடித்து உரியுங்கள். மிஞ்சிய பசையை வைட் ஸ்பிரிட் துடைத்தெடுக்கும். எழுத்து இருந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் கொம்பவுன்ட் போட்டுப் பாருங்கள். அதற்கும் போகவில்லையென்றால் அந்தப் பெனலுக்குப் பெயின்ட்தான்.

நுவரெலியாவில் பெயின்ட் அடிப்பதென்றால் காலம் பார்க்க வேண்டும். ஹார்ட்னர் கலக்கும் பெயின்ட் 15 டிகிரிக்குக் கீழே சரியாக இறுகாது. தகடு குளிர்ந்து கிடக்கும்போது கண்ணுக்குத் தெரியாத பனி அதில் ஒட்டியிருக்கும், அதன் மேல் அடித்தால் பால் மாதிரி வெளுத்துவிடும். சூடாக்கும் அறை இல்லாத கராஜ் என்றால் பெப்ரவரி, மார்ச் மாதங்களில், முற்பகல் பத்து மணிக்குப் பிறகு அடிக்கத் தொடங்கி இரண்டு மணிக்குள் முடிப்பது பாதுகாப்பு. அதுவும் முடியாதென்றால் கம்பளைக்கோ கண்டிக்கோ இறக்கி அடித்துக்கொண்டு வாருங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

சூடும் குளிரும்

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் கொதிநிலை 110க்கு மேலே போகும். மூடியின் ரப்பர் செத்திருந்தால், கொழும்பில் ஒன்றும் காட்டாத கார் ரம்பொடை ஏற்றத்தில் ஆவி விடும். மூடி மலிவான பொருள். புதிதாகப் போட்டுவிடுங்கள். கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. பெரிய எஞ்சினில் ஃபேன் கிளட்சையும் பாருங்கள்: எஞ்சின் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் சுழற்றினால் இறுக்கமாக நிற்க வேண்டும், இரண்டு மூன்று சுற்று சுழன்றால் அது முடிந்த கிளட்ச்.

சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டெட்டைக் கழற்றி எறிகிற வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. தயவு செய்து அனுமதிக்க வேண்டாம். குளிர்ந்த காலையில் எஞ்சின் சூடேறவே மாட்டாது, பெற்றோல் அதிகம் குடிக்கும், ஹீட்டரில் வெறும் காற்றுத்தான் வரும்.

கொழும்பில் ஓடிய பல காரில் ஹீட்டர் குழாயைக் கழற்றி இரண்டு முனையையும் நேராகச் சேர்த்து விட்டிருப்பார்கள். மலைநாட்டுக்கு ஹீட்டர் இல்லாமல் சரிவராது. குளிருக்கு மட்டுமல்ல, ஏசியையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டால்தான் கண்ணாடி மூச்சுப் பனி சில நிமிடத்தில் விலகும். குழாய்களைத் திரும்பப் பொருத்தும் முன் ஹீட்டர் ரேடியேட்டரைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பொருத்தியபின் உள்ளே இனிப்பு வாசனையும் கண்ணாடியில் எண்ணெய்ப் பசை மாதிரிப் படலமும் வந்தால் அது ஒழுகுகிறது, மாற்ற வேண்டும்.

ஸ்பிரிங்கை எவ்வளவு மெதுவாக்குவது

சொகுசு என்றால் மெத்தென்று என்று நினைத்து மிக மெதுவான ஸ்பிரிங் போடுவது சமதரைக்குச் சரி. ஹட்டன் வீதியில் வளைவுக்கு வளைவு கார் சாயும், பின்சீட்டில் இருப்பவர் ஒவ்வொரு சாய்வுக்கும் உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும், கினிகத்தேனை தாண்டுவதற்குள் வாந்தி. சாய்வையும் குறைக்க வேண்டும், குலுக்கலையும் குறைக்க வேண்டும். ஆகவே பொலிஸ் ஸ்பிரிங்கை எடுத்து உயர்வகைக் காரின் ஸ்பிரிங்கைப் போடுங்கள். பொலிஸ் காரின் தடித்த ஸ்டெபிலைசர் பாரை மட்டும் கழற்ற வேண்டாம். அது நேர் ரோட்டில் குலுக்கலைப் பெரிதாகக் கூட்டாது, வளைவில் உடம்பைத் தாங்கும். ஷொக் அப்சோர்பர் நான்கும் புதிது, கம்பெனி அளவு.

சஸ்பென்ஷன் ஆர்ம்களின் ரப்பர் புஷ் மாற்றும்போது ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. காரைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஆர்ம் போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். கார் தரையில் இறங்கியதும் உள்ளே ஒட்டிய ரப்பர் நிரந்தரமாக முறுகி நிற்கும், சில மாதத்தில் கிழியும், கடக் கடக் என்று சத்தம் வரும். போல்ட்டைக் கையால் முறுக்கி விட்டு, சக்கரம் தரையில் பாரம் தாங்கிய பிறகுதான் இறுதியாக இறுக்க வேண்டும்.

ரிம் 15 அல்லது 16 அங்குலத்தோடு நிறுத்துங்கள். டயரின் பக்கச் சுவர் உயரம் அதன் அகலத்தில் 60 அல்லது 65 வீதம் இருந்தால்தான் உடைந்த தார் ஓரங்களை அது விழுங்கும். 18 அங்குல ரிம் கண்ணுக்கு அழகு, உட்காருபவருக்கு இடி. காற்றைக் கொழும்பில் அடித்துக்கொண்டு மேலே வராமல், கார் ஓடுகிற ஊரிலேயே காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து அடியுங்கள்.

பிரேக்கில் பெரிய டிஸ்க்கை அப்படியே விட்டு, கிறீச்சிடும் கடினமான பேட்டை மட்டும் மாற்றுங்கள். பிரேக் ஃபுளூயிட் ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்த ஃபுளூயிட் நீண்ட இறக்கத்தில் கொதித்துப் பெடல் தரைக்குப் போகும். டொட் 4 போட்டு, மலைநாட்டில் ஆண்டுக்கொரு தடவை மாற்றுங்கள். கார் ஓட்டப் போகிறவருக்கும் சொல்லி வையுங்கள்: இறக்கத்தில் ஓவர்டிரைவை அணைத்து, கியரை இறக்கி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும்.

சத்தம்

கார்பெட் முழுதும் வெளியே வரட்டும். தரையைக் கழுவிக் காய வைத்து, துருப் பிடித்த இடத்தைத் தேய்த்துப் பிரைமர் அடித்த பிறகு 2 மில்லிமீற்றர் பியூட்டைல் தகட்டை (அதிர்வை அடக்கும் ரப்பர்த் தகடு) ஒட்டுங்கள். தரை முழுதும் போர்த்தத் தேவையில்லை. விரலால் தட்டும்போது டங் என்று கேட்கும் தட்டையான இடங்களில் ஒட்டி, டொக் என்று அடங்கினால் போதும். பெரிய செடானுக்கு நான்கு, ஐந்து சதுர மீற்றர் வேண்டும், அதில் 15 கிலோ அளவு பாரம் ஏறும். கூரைக்கும் இரண்டு மூன்று பட்டை. மழை தகரத்தில் அடிக்கிற சத்தம் உடனே குறையும். அதற்கு மேல் நீர் உறிஞ்சாத ஃபோம், 6 முதல் 8 மில்லிமீற்றர். பழைய துணிக்கழிவு, சணல் திணிப்பு கூடாது. ஒரு தடவை நனைந்தால் மலைக்காற்றில் அது காயவே காயாது, கார் முழுதும் நனைந்த கம்பளி வாசம் அடிக்கும். தரையிலும் கதவடியிலும் உள்ள நீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

காற்றுச் சத்தம் கதவு ரப்பரில். ஒரு இருபது ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது தாளை இறுகப் பிடித்தால் ரப்பர் நல்லது. வழுக்கி வந்தால் அந்த இடத்தில் காற்றும் தண்ணீரும் வரும். கதவைச் சுற்றி ஒரு சாண் இடைவெளியில் இப்படிச் சோதியுங்கள்.

கடைசியாகச் சீட்

குளிர் ஊரில் தோல் சிறந்தது என்று சொல்ல மாட்டோம். காலையில் உட்காரும்போது சில்லிடும், மழை மாதங்களில் தையல் ஓரம் பூஞ்சணம் பிடிக்கும். ஜப்பானின் மிக உயர்ந்த செடானான டொயோட்டா செஞ்சுரியிலேயே கம்பளித் துணிச் சீட்தான் வழமை. நல்ல அடர்ந்த துணி எடுங்கள். 1.4 மீற்றர் அகலத் துணியில் சீட்டுகளுக்குச் சுமார் 10 மீற்றர், கதவு அட்டைகளுக்கு இன்னும் 2 மீற்றர். அடி ஃபோம் ஒரு கன மீற்றருக்கு 40 முதல் 50 கிலோ அடர்த்தி, அதற்கு மேல் 15 மில்லிமீற்றர் மெல்லிய ஃபோம். அடர்த்தி குறைந்த ஃபோம் கடையில் மெத்தென்று இருக்கும், ஆறு மாதத்தில் பலகையாகும். சீட் ஓரத்தில் எயார் பேக் இருந்தால் சாதாரணத் தையல் போடக் கூடாது. அந்த ஓரம் கிழிந்து திறக்க வேண்டிய இடம், அதற்கென்று வந்த உறையை அப்படியே விட்டுவிடுங்கள். சீட் பெல்ட்டை வெட்டித் தைப்பதும் சாயம் போடுவதும் ஒரு போதும் வேண்டாம்.

பின்கதவின் உள் கைப்பிடியைத் திரும்ப இணைத்ததும் இரண்டு பக்கமும் உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்தித் திறந்து பாருங்கள். கம்பி கழன்று கிடக்கும், அல்லது குழந்தைப் பூட்டை வெல்ட் வைத்து நிறுத்தியிருப்பார்கள். விபத்தில் பின்சீட்டுக்காரர் வெளியே வருவது இதில்தான் தங்கியிருக்கிறது.

முன் பம்பரில் தாழ்வாக இரண்டு மஞ்சள் பனி விளக்கு வையுங்கள். மூடுபனியில் ஹை பீம் வெள்ளைத் திரையில் அடித்துத் திரும்பி ஓட்டுநர் கண்ணுக்கே வரும்.

எல்லாம் முடிந்து ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் சஸ்பென்ஷன் போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். முதல் பெருமழைக்கு மறுநாள் நான்கு மூலையிலும் கார்பெட் ஓரத்தைத் தூக்கி, அடியில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். கை ஈரமானால் கார்பெட்டைத் திரும்ப விரிக்க வேண்டாம், ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகே விரியுங்கள்.